யாழின் வரலாறும் மூவகைக் காரணமும்

கருவி என்னுஞ் சொல் நம் சித்தாந்த நூல்களிற் பெரிதும் பயில்வது. தத்துவங்கள் உயிர்க்குக் கருவியாய் நின்று உதவும் என்றும், அவை சடமாகலின் தாமே தொழிற்படா என்றும் நூல்கள் வற்புறுத்தும். இசைநூலாரும் யாழையும் குழலையும் முழவையும் கருவி என்றே வழங்கினர். மரமும் தோலும் நரம்பும் கூடிய மாத்திரையில் இசை பிறவாது. இயக்குவான் ஒருவன் வேண்டப்படுவான். ஆகலின் இச்சொல் இருவகை நூலிலும் ஒரு பொருளே குறித்து நின்றது எனல் பொருந்தும்.

காரியம் ஒன்று தோன்றுதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் என்பது நம் நூற்றுணிபு. குடத்துக்கு மண் முதல், தண்டசக்கரங்கள் துணை, குயவன் நிமித்தம். இவ்வளவையை இசைக்கருவியின் வரலாற்றிற் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யாழிசைக்கு மரமும் தோலும் நரம்பும் முதல். கருவியமைக்கும் முறையும் நரம்பு கூட்டும் முறையும் துணை. பயின்ற கையுடையான் நிமித்தம். உலகின் பல பாகங்களிலும் ஒலித்த இக்கருவி சில நாடுகளில் முற்றும் மறைந்தது. சில நாடுகளில் இன்றும் ஒலிக்கின்றது. மறைந்தவிடத்து மூன்றனுள் எது முதலிற் குன்றியது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1. கருவிப் பாகுபாடு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தல் நம் நாட்டார் பண்டே கண்ட முறை. வடமொழியிற் பரத நாட்டிய சாத்திரமும் நால்வகையே கூறும். தமிழ்நூலார் மிடற்றையும் ஒரு கருவியாகக் கொண்டு ஐந்தென எண்ணுதலும் உண்டு. மேனாட்டில் நெடுங்காலம் இத்தகைய திட்பமான பாகுபாடு இருந்திலது. பெல்சியம் நாட்டுப் பிரசல்சு நகரத்து இசைக்கல்லூரியின் கருவித்தொகையைக் காத்த மகியோன் என்பார், 1880 ஆம் ஆண்டை அடுத்து அட்டவணை வகுக்கப் புகுந்தபோது, இந்திய நால்வகைப் பாகுபாட்டையே அடிப்படையாகத் தழுவினார். அதனை விரித்து ஓர்ன்பொசுதலும் சாக்சும் 1914 இல் வெளியிட்ட முறையே இன்று உலகெங்கும் கருவியாராய்ச்சிக்கு அடிப்படையாய் நிலவுகின்றது. தன்னிசைப்பன, தோலிசைப்பன, நரம்பிசைப்பன, காற்றிசைப்பன என்னும் அவர்தம் நான்கும் நம் நான்கோடு பெரும்பாலும் ஒப்பன.

நரம்புக்கருவியுள்ளும் வேற்றுமை உண்டு. இக்கால வீணையில் ஒரு நரம்பையே மெட்டுத்தோறும் அழுத்திப் பல சுரம் பெறுகின்றோம். யாழிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு உண்டு. பத்தர் எனப்படும் தோல் போர்த்த குடத்தினின்றும் வில்போல் வளைந்து எழும் ஒரு கோட்டில் நரம்புகள் வரிசையாக விசித்துக் கட்டப்படும். மேனாட்டார் ஆர்ப்பு என வழங்கும் கருவியினத்துள் மிகப் பழைய வடிவு இதுவே. இரு கைகளும் அவற்றை இணைக்குங் குறுக்குக்கோலும் உடைய லைர் என்னும் கருவி இதற்கு உறவினது, ஆயினும் வேறானது.

2. சுமேரும் எகிப்தும்

யூபிரத்தீசு ஆற்றையடுத்த ஊருக் என்னும் பழம்பதியிற் கிடைத்த களிமண் ஏடுகளில், ஏறத்தாழக் கி.மு. 3000 அளவினவற்றில், வில்வடிவான நரம்புக்கருவியைக் குறிக்கும் ஓவிய எழுத்துக் காணப்படுகின்றது. எழுத்துத் தோன்றிய காலத்திலேயே கருவியும் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அந்நாட்டின் தென்பாலுள்ள ஊர் என்னும் நகரத்தில் லெனார்டு ஊலி என்பார் 1922 முதல் 1934 வரை அகழ்வாராய்ச்சி செய்தனர். அங்கே அரசர் புதைகுழிகளில், ஏறத்தாழக் கி.மு. 2500 அளவினவாகிய லைர்களும் வில்யாழும் வெளிப்பட்டன. பொன்னாலும் நீலக்கல்லாலும் இயன்ற காளைத்தலைகள் அவற்றை அணிசெய்தன. மரமோ மண்ணோடு மண்ணாய் மடிந்திருந்தது. மரம் அழிந்தவிடத்து மண்ணில் நின்ற வெற்றுக்குழியிற் சுண்ணச்சாந்து வார்த்து, அது இறுகியபின் மண்ணை நீக்கி, இழந்த வடிவை ஊலி மீட்டனர். இல்லாத மரத்தின் வடிவை வெற்றிடமே காட்டிற்று.

அந்நகரத்துக் களிமண் ஏடொன்று, ஏறத்தாழக் கி.மு. 1800 அளவினது, ஒன்பது நரம்புடைய கருவியொன்றற்கு நரம்பு கூட்டும் முறையைக் கூறுகின்றது. 1968 இல் அது அச்சேறியது. ஓர் அமைதியில் இசையாது முரணும் நரம்பைத் திருத்த அடுத்த அமைதி பிறக்கும் என்றும், இவ்வாறு ஏழமைதிகள் முறையே பிறக்கும் என்றும் அறிஞர் அதனைப் படித்துணர்ந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையையும் ஆய்ச்சியர் குரவையையும் உரையுடன் பயின்றார்க்கு, செம்பாலை முதலாய ஏழ்பெரும்பாலைகளின் பிறப்பு ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் எண்ணொப்புமை ஒன்றே பற்றி, ஒருவர்பால் ஒருவர் பெற்றனர் எனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. ஏழிசை உடைய எந்நாட்டாரும் நரம்பைக் கூட்டியும் திரித்தும் பார்ப்பராயின் ஏழமைதியையே காண்பர்.

எகிப்து நாட்டிற் பழைய அரச மரபினர் காலத்துக் கல்லறைச் சிற்பங்களில், ஏறத்தாழக் கி.மு. 2500 அளவிலேயே, நிலத்திருந்து வில்யாழ் வாசிப்பாரைக் காண்கின்றோம். பின்னர்க் கருவி வளர்ந்து ஆளுயரமும் கடந்தது. மூன்றாம் இராமேசசு என்னும் மன்னன் (கி.மு. 12 ஆம் நூற்றாண்டு) கல்லறையிற் பேரியாழ் வாசிப்பார் இருவர் தீட்டப்பட்டுள்ளனர். சேம்சு புரூசு என்னும் செலவினர் இவ்வோவியத்தைக் கண்டு 1790 இல் தம் நூலின்கண் படமாக வெளியிட்டார். அப்படம் மூலத்தோடு முற்றும் ஒவ்வாததேனும், மேனாட்டார் உள்ளத்தை எகிப்தின் இசைபாற் பெரிதும் ஈர்த்தது. எகிப்திய ஓவியங்களில் யாழ் வாசிப்பார் பலர் கண்ணிலாதவராகவே காட்டப்பட்டனர் என்பதும் குறிக்கத்தக்கது.

இவ்விரு நாட்டையும் ஒப்புநோக்குக. எகிப்தின் வறண்ட மணலிற் புதையுண்ட யாழ்கள் மரங்கெடாது கிடைத்து, இலண்டன், பாரீசு முதலிய நகரத்துக் காட்சிச்சாலைகளில் உள்ளன. ஆயினும் அந்நாட்டுப் பழையோர் இசையை எழுதிவைத்ததற்கு ஐயமற்ற சான்று கிடைத்திலது. அந்நரம்புகளை எவ்வாறு கூட்டினர் என்பது அறியப்படவில்லை. சுமேர் நாட்டிலோ நரம்பு கூட்டும் முறை எழுத்தாய் நிற்கின்றது, மரம் மண்ணாயிற்று. ஓரிடத்து முதற்காரணம் நின்றது. மற்றோரிடத்துத் துணைக்காரணத்தின் ஒரு கூறு நின்றது. ஈரிடத்தும் நிமித்தகாரணம் இல்லை. ஆகவே ஈரிடத்தும் இசை இல்லை.

3. பாரசீகமும் சீனமும்

மேற்காசியாவிற் கி.மு. இரண்டாவது ஆயிரத்தாண்டின் தொடக்கத்தை அடுத்துக் கோண வடிவான யாழ் தோன்றிப் பரவியது. இதில் வளைந்த கோட்டுக்கு மாறாக, பத்தரும் கோலும் ஒரு கோணமாகக் கூடும். அசீரிய மன்னன் அசூர்பனிப்பாலின் நினவே நகரத்து அரண்மனைச் சிற்பங்களில், ஈலாமிய இசையாளர் இதனை ஏந்திச் செல்கின்றனர். பாரசீகத்தில் இது சங்கு என்னும் பெயரால் வழங்கியது. நம் நாட்டு வெண்சங்கிற்கும் இதற்கும் தொடர்பில்லை. பாரசீகப் பாவலர் பலர் இதனைப் பாடினர். நூலோவியங்களிலும் இது மிகுதியாய்க் காணப்படும். அத்தகைய கருவி 17 ஆம் நூற்றாண்டை அடுத்துப் பாரசீகத்திலும் துருக்கியிலும் வழக்கொழிந்தது.

பட்டுவணிகர் சென்ற நெறியே கோணயாழ் சீனம் புக்குக் கொங்கௌ எனப் பெயர் பெற்றது. துன்குவாங்கு குகை ஓவியங்களில் இதனைக் காணலாம். அங்கிருந்து சப்பானுக்கும் சென்றது. நாரா நகரத்து ஷோசோயின் என்னும் பண்டாரத்தில் 8 ஆம் நூற்றாண்டினவாகிய இத்தகைய யாழின் உறுப்புக்கள் இன்றும் பேணப்படுகின்றன. ஆயிரத்திருநூறு ஆண்டு மரத்தைக் காத்தனர். ஆயினும் கையைக் காத்திலர். சப்பானிலும் சீனத்திலும் வாசிப்போர் மரபு இடையற்றது. 20 ஆம் நூற்றாண்டிற் சீனர் அப்பெயராற் கருவியொன்றை மீண்டும் அமைத்தனர். பெயர் பழையது, இயந்திர அமைதியும் வாசிப்பு முறையும் புதியன.

4. பாரதநாடும் பர்மாவும்

நம் பாரதநாட்டில் வில்யாழ் ஒருகாலத்து வடக்குந் தெற்கும் ஒருங்கு வழங்கியது. கி.மு. 2 ஆம் நூற்றாண்டினதாகிய பார்குத்துச் சிற்பத்திலும், சாஞ்சியிலும், அமராவதியிலும் இதனைக் காணலாம். 4 ஆம் நூற்றாண்டிற் சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசொன்றில் அம்மன்னனே இருக்கையில் அமர்ந்து வில்யாழ் வாசிக்கின்றான். பழைய வடநூல்களில் வீணை என்னுஞ் சொல் பெரும்பாலும் இவ்வில்யாழையே குறித்தது என்பதை ஆனந்த குமாரசுவாமி 1930 ஐ அடுத்து எழுதிய ஆராய்ச்சிகளில் விளக்கினர். முதலாவது ஆயிரத்தாண்டின் இறுதியளவில் வடநாட்டிலும் இக்கருவி மறைய, பெயர் மட்டும் மெட்டுடைய கருவிக்கு மாறியது. ஆகவே யாழ் இழந்தது தமிழர்க்கே உரிய குறை என்று எண்ணற்க.

முற்றும் மறைந்தது என்றலுங் கூடாது. மத்தியப் பிரதேசத்து மண்டலா வட்டாரத்தில், கோண்டு மக்களுக்குக் கதைபாடும் பர்தான் என்னுங் குடியினர், ஐந்து நரம்புடைய பீன்பாசா என்னும் சிறு வில்யாழை வைத்திருந்தனர். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர் அதனை நேரிற் கண்டு குறித்தனர். இப்பர்தான் குடியினர் கோண்டு இல்லங்களை நாடிச் சென்று, அவர்தம் முன்னோர் புகழும் தெய்வக்கதையும் பாடிப் பரிசில் பெறுவோர். நம் பாணரின் வாழ்வை நினைவூட்டும் இவர்கையில் வில்யாழ் எஞ்சிநின்றது சிந்திக்கத்தக்கது. அரசர் காசிற் பொறித்த கருவி அரண்மனையில் மாய்ந்தது. ஏழைக் குடியொன்று தன் தொழிலாக விடாது பற்றியமையின் காட்டிடை உயிர்த்திருந்தது.

வில்யாழ் செவ்விய நிலையில் இன்றும் ஒலிக்கும் நாடு பர்மா. மியன்மா என்று இன்று வழங்கப்படுவது அதுவே. கருவியின் பெயர் சவுங். கி.பி. 802 இல் பியூ அரசர் சீனப் பேரரசனது அவைக்கு அனுப்பிய இசையாளருடன் யாழும் சென்றது என்பதைச் சீன வரலாற்று நூல்கள் குறித்தன. பாரதநாட்டினின்றும் புத்தசமயத்தோடு இது அங்குச் சென்றது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. படாக்கு மரத்தைக் குடைந்து தோணிபோற் பத்தர் செய்து, மான்றோல் போர்த்து, ஷா என்னும் மரத்தின் இயல்பாய் வளைந்த வேரைக் கோடாக அமைப்பர். முன்னர்ப் பட்டு முறுக்கிய நரம்பு கட்டினர். இப்போது நைலான் கட்டுகின்றனர். ஊ சா (1766–1853) என்னும் அரண்மனைப் புலவர் நரம்புகளை ஏழினின்றும் பதின்மூன்றாகப் பெருக்கினர் என்ப. பின்னர் 14 ஆகி, இன்று 16 ஆயின.

1885 இல் ஆங்கிலேயர் மாந்தளையைக் கைக்கொண்டு தீபோ மன்னனை இரத்தினகிரிக்கு அனுப்பினர். யாழைப் புரந்த அரண்மனை ஒருநாளில் இல்லையாயிற்று. கருவியும் அன்றே மாய்ந்திருத்தல் கூடும். ஆயினும் அரண்மனை யாழாசிரியர் சிலர் புறத்தே வந்து மாணாக்கரை ஏற்றுக் கற்பித்தனர். மகாகீதம் என்னும் பழம்பாடற்றொகை அவர்வழி நின்றது. நாடு உரிமை பெற்றபின் 1953 இல் மாந்தளையில் அரசினர் இசைநாடகக் கல்விக்கூடம் அமைந்து அவ்வழியைத் தொடர்ந்தது. மரமும் தோலும் எங்குங் கிடைப்பன. மாணாக்கன் ஆசிரியன்முன் அமர்ந்த அந்த அறுபத்தெட்டு ஆண்டே கருவியைக் காத்தது.

5. திவவு என்னும் ஒரு சொல்

இனித் தமிழ்நாட்டு யாழை நோக்குவோம். பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக உவமையுடன் விரித்துரைக்கின்றன. பத்தர், போர்வை, ஆணி, உந்தி, கோடு, திவவு, நரம்பு முதலிய பெயர்கள் அங்குள்ளன. சீறியாழ் சிறுபாணர்க்கும் பேரியாழ் பெரும்பாணர்க்கும் உரியன. உரையாளர் பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் கூறினர். மாதவி அரங்கேறிய அரங்கிற்கு உரியது 14 நரம்புடைய யாழ் என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும்.

இவ்வுறுப்புக்களுள் திவவு ஒன்றனை எடுத்துக்கொள்க. உரையாசிரியர் இதற்கு வார்க்கட்டு என்று பொருள் எழுதினர். யாழைக் கண்ணாற் காணாத பிற்காலத்தார்க்கு இது விளங்காதாயிற்று. வீணையின் மெட்டே திவவு எனக் கொண்டாரும் உளர். பெரும்பாணாற்றுப்படை ஆசிரியர் திவவை ஒரு மகளின் முன்கைக் குறுந்தொடிக்கு ஒப்பிட்டு, அது நெகிழ்தலும் இறுகுதலும் உடைத்து என்கின்றார். சிறுபாணாற்றுப்படை ஆசிரியர் குரங்கு பாம்பைப் பற்றிய நிலையை உவமை கூறி, அவிழ்தலும் இறுகுதலுமாகிய அவ்விரு செயலையே சுட்டுகின்றார். அசையாத மெட்டு நெகிழ்ந்து இறுகுவது எங்ஙனம்?

பர்மிய யாழைக் காண்பார்க்கு இவ்வையம் உடனே அகலும். பழைய முறைப்படி அதன் கோட்டில் ஒவ்வொரு நரம்பின் தலையும் சிவந்த பருத்திக் கயிற்றாற் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். கோட்டைச் சூழ்ந்த அக்கட்டுக்கள் வளைந்த முன்கையில் அடுக்கிய வளைபோலவே தோன்றும். கட்டைத் திருகி இறுக்கச் சுருதி ஏறும், நெகிழ்க்க இறங்கும். புலவர் இருவரும் கண்டதையே கூறினர்; காணாத நாம் மயங்கினோம். நூல் நம்மிடத்து இருந்தது, உரையும் இருந்தது, கருவியோடு கை இன்மையால் ஒரு சொல்லின் பொருள் பன்னூறாண்டு மறைந்துகிடந்தது. எழுத்து எவ்வளவு காக்கும், எவ்வளவு காவாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இவ்வுறுப்புக்களையும் நரம்பமைதியையும் நெடுங்காலம் ஆராய்ந்து யாழ்நூல் இயற்றினர். கரந்தைத் தமிழ்ச்சங்கத்தார் ஆதரவில் 1947 ஜூன் திங்களில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தனர். இன்றும் யாழை அமைக்க முயல்வார்க்கு அந்நூல் வழிகாட்டியாய் நிற்கின்றது.

6. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை நிகழும். யாழ் மறைந்தது கை இன்மையாலன்று, அதன் குறைபாட்டாலேயே. நரம்பொன்றுக்கு இசையொன்றே உடைய கருவியிற் கமகம் பெறுதல் அரிது. இசை வளர்ந்தபோது மெட்டுடைய வீணை அதனை வென்றது. எனவே முதற்காரணத்திலேயே குறை உளது என்பர்.

இதில் உண்மை சிறிதும் இல்லை என யாம் கூறேம். கருவியின் எல்லையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் உரைப்பதை நினைக. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இடுதலாலேயே பதிகத்தின் இசை சிறந்தது எனச் சுற்றத்தார் கூற, பாணர் நடுங்கி, யாழில் அடங்காத இசை ஒன்று பாடியருளுமாறு திருஞானசம்பந்தப் பிள்ளையாரை வேண்டினர். பிள்ளையார் பாடினர், நரம்பில் அது அடங்கவில்லை. பாணர் யாழை முறிக்க ஓங்கினர். பிள்ளையார் தடுத்து அதனை வாங்கி, கருவியில் அமைந்த அளவே வாசிக்குமாறு அருளிப் பாணர் கையிலேயே கொடுத்தனர். யாழ்மூரி என்னும் பெயர் இந்நிகழ்ச்சியைக் குறிப்பது. கருவிக்கு எல்லை உண்டென்பதும், எல்லை உண்டென்பதற்காக அதனை முறித்தல் வேண்டாவென்பதும் ஒருங்கே இதனாற் பெறப்பட்டன.

பிறநாட்டு வரலாறும் இதற்கே துணைசெய்யும். பர்மிய யாழாளர் இடக்கைப் பெருவிரல் நகத்தால் நரம்பை உள்ளிருந்து அழுத்தி ஒலியை உயர்த்துவர். நரம்பொன்றில் இசையொன்றே என்னும் நியதியைக் கைத்திறனே கடந்தது. ஐரோப்பாவிலும் இக்குறையே எழுந்தது. பாரீசிலும் இலண்டனிலும் தொழில் நடத்திய எரார்டு என்னும் கருவித்தச்சர், ஒவ்வொரு நரம்பையும் இருமுறை அரைச்சுரம் உயர்த்தும் ஏழு மிதிகளை அமைத்து 1810 இல் உரிமை பெற்றனர். 47 நரம்புடைய இக்கால ஐரோப்பிய யாழ் அதன் வழியது. வாசிப்போர் உள்ளவிடத்துக் குறை திருத்தம் பெறும். வாசிப்போர் அற்றவிடத்து அதே குறை அழிவுக்குக் காரணமாகக் காட்டப்படும். ஆகலின் குறைபாடு துணையாதல் கூடும், தலையாய காரணமாகாது.

7. புரப்போரும் கையும்

கை அறுவது எங்ஙனம் என்பதை அயர்லாந்து நாட்டு வரலாறு காட்டும். அங்கே உலோகக் கம்பி கட்டிய யாழைக் குறுநில மன்னர் குடிகள் புரந்தன. 17 ஆம் நூற்றாண்டில் அக்குடிகள் ஆங்கிலேயர்க்குத் தோற்று வீழ, யாழாளர் ஊர்தோறும் அலைந்தனர். 1792 இற் பெல்பாசுடு நகரத்தார் எஞ்சிய யாழாளரை அழைத்து விழா எடுத்தபோது அந்நாட்டினர் பதின்மரே வந்தனர். அவருட் பலர் முதியர், பலர் கண்ணிழந்தவர். அவர் வாசித்தவற்றை எழுதிக்கொள்ள எட்வர்டு பண்டிங்கு என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அமர்த்தப்பட்டனர். அவர் எழுதியவை 1796 முதலாக மூன்று தொகுதிகளாய் வெளிவந்தன. பண்டிங்கு பாட்டைக் காத்தார். அவரை உலகம் போற்றுதல் தகும். ஆயினும் அவற்றைப் பியானோவுக்கு இயையவே அச்சிட்டனர். வளர்ந்த நகத்தாற் கம்பியைத் தெறித்து வாசித்த டெனிசு எம்ப்சன் என்னும் முதியவரின் முறையை எழுத்து முழுதும் தாங்கவில்லை. அவர் 1807 இல் இறந்தனர். பாட்டு ஏட்டில் நின்றது. கை மண்ணிற் சென்றது.

ஆப்பிரிக்காவிற் புகாந்தா நாட்டு அரசவையில் எட்டு நரம்புடைய என்னங்கா என்னும் வில்யாழ் ஒலித்தது. 1966 இல் அவ்வரசு வீழ்ச்சியுற, அரசவை இசையாளர் சிதறினர். 1993 இல் மன்னர் பட்டம் மீண்டது. பட்டத்தை ஒரு சட்டத்தால் மீட்டல் கூடும், இருபத்தேழு ஆண்டு இடையற்ற பயிற்சியை அங்ஙனம் மீட்டல் அரிது.

நம் நாட்டிற் பாணர்க்கு நேர்ந்ததும் ஒருவகையில் இதுவே. சங்ககாலத்தில் அரசவையில் வரவேற்புப் பெற்ற குடி, பின்னர்ப் புறத்தே நிறுத்தப்பட்டது. மதுரைத் திருக்கோயிலிற் பாணர் வாயிலின் புறத்தே நின்றே யாழ் வாசித்தனர் என்றும், இறைவன் ஏவலாலேயே உள்ளே அழைக்கப்பட்டு, ஈரநிலத்திற் கருவி கெடாதவாறு பொற்பலகையும் இடப்பெற்றனர் என்றும், திருவாரூரில் அவர்க்கு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது என்றும் பெரியபுராணம் கூறும். இறைவன் உள்ளே அழைத்தவரை ஊரார் எவ்வளவு உள்ளே ஏற்றனர் என்பது நாம் வினாவுதற்குரியது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிற் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய நிவந்தம் அளித்தோர் ஐம்பதின்மர். பாடுவார் 48 பேர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர். அவ்வைம்பதின்மருள் யாழ் வாசிப்பார் இலர். பதிகத்தோடு பிறந்த கருவி பதிகம் ஓதுவார் கூட்டத்தில் இடம்பெறவில்லை. ஓசையை விரும்பிக் கையைப் புறத்தே நிறுத்திய சமுதாயம் நாளடைவில் ஓசையையும் இழந்தது என்பது எம் கருத்து.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், யாழ் மறைந்த நாடுகளில் மரம் அருகியதன்று. நூல் சில இடங்களில் எஞ்சியே நின்றது. நிமித்தமாகிய பயின்ற கையும், அக்கையைப் புரந்த நிலைக்களமும் அற்றமையே தலையாய காரணம் என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை நம் மரபு அறியாததன்று. திருமுறைகண்டபுராணம் உரைப்பதை உற்றுநோக்குக. தில்லையிற் பூட்டிய அறையில் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன, எஞ்சியவை எடுக்கப்பட்டன, நம்பியாண்டார் நம்பிகள் அவற்றைத் திருமுறையாக வகுத்தனர். அவ்வளவிற் பணி முடிந்ததில்லை. சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. பண் எந்த ஏட்டிலும் இருந்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரில், அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியின்பால் இருந்தது. அரசனும் நம்பிகளும் இறைவன் அருளால் அதனை அறிந்து, அவ்வம்மையாரைத் தில்லைக்கு அழைப்பித்துப் பண்முறை அமைப்பித்தனர். யாழ் வாசித்த முன்னோரின் செல்வத்தை, புகழ் யாதும் வேண்டாது, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது ஒரு குடி. அக்குடி ஒரு தலைமுறை முன்னரே அற்றிருப்பின், இன்று தேவாரம் நமக்குச் சொல்லாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

யாழை மீண்டும் செய்தல் நன்று; அம்முயற்சியுடையார் இக்காலத்தும் உளர். ஆயினும் செய்த யாழைக் காட்சிச்சாலையில் வைத்தல் ஷோசோயின் பண்டாரத்தார் செய்ததே. திருமடங்களும் திருக்கோயில்களும் கருதவேண்டுவது வேறொன்று. இன்று நம்மிடம் நிற்கும் நிமித்தம் ஓதுவாமூர்த்திகளது மிடறு. ஐந்தாவது கருவியாக நம்மவர் எண்ணியதும் அதனையே. ஓதுவார் ஒருவர் மறைந்த பின்னர் அவர் ஓதிய முறையை ஒலிப்பதிவிற் கேட்கலாம். பண்டிங்கின் ஏட்டினும் அது மேலானதே. ஆயினும் பிழைத்த மாணாக்கனை ஒலிப்பதிவு தடுத்துத் திருத்தாது. ஒரு பண்ணை ஓர் ஆசிரியர் முன்னிலையிற் பன்னாள் இருந்து கற்கும் மாணாக்கன் ஒருவனுக்கு உணவும் உறையுளும் மதிப்பும் அளித்தல், மரத்தாற் பல யாழ் செய்தலினும் முற்பட வேண்டும். மதிப்பு என்பதை வேண்டுமென்றே சேர்த்து எழுதினோம். உணவு மட்டும் அளித்துப் புறவாயிலில் நிறுத்தினால் என் நேரும் என்பதை யாழின் வரலாறு காட்டிவிட்டது.

பிள்ளையார் பாணரிடமிருந்து வாங்கிய யாழைத் தாமே வைத்துக்கொண்டிலர்; பாணர் கையிலேயே மீளக் கொடுத்தனர். கருவிக்கு உரிய இடம் அதுவே.